காய்ச்சல் விட்ட உடம்பு

புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டால் உடம்பு கொதித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதில்லை. வியர்த்துச் சில்லிட்டும் போகும். மூச்சு மட்டும் ஓடி வந்தவனைப் போல இரைக்கும். ஆம்புலன்ஸ் உதவியாள் முருகையனுக்கு டாக்டர் இதைச் சொல்லிக்கொடுத்தது 1984இல். அதற்கு முந்தின மாதம்தான், பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சல் கண்டு வண்டியில் ஏற்றிய அஞ்சலாட்சியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "காய்ச்சல் வுட்டுடுச்சி, மெதுவாவே போலாம்" என்று அவன் சொன்னான். அவள் வழியிலேயே போய்விட்டாள்.

பிறகொரு நாள் முதலியார்பேட்டையில், காலில் துருப்பிடித்த ஆணி குத்தி நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்த இராமதாஸை ஏற்றினார்கள். "ஆணி குத்துனதுக்கு வண்டி கேக்குது இவருக்கு. வேர்த்துடுச்சி, இனி பயமில்ல" என்றபடி மனைவி முன்சீட்டில் ஏறினாள். முருகையன் அவர் கையைத் தொட்டான். சில்லென்றிருந்தது. மூச்சு இரைத்தது.

"வடிவேலண்ணே, வேகமாப் போ!" என்று டிரைவரிடம் கத்தினான்.

இராமதாஸ் எதிரே காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு குளுருதுங்குது. போத்தி வுடுப்பா."

பிதற்றலும் ஓர் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் முருகையன் ஒரு போர்வையை எடுத்துப் பெஞ்சின்மேல் விரித்தான்.

ஆஸ்பத்திரியில் இராமதாஸை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நேரத்தோடு வந்ததால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். முருகையன் வண்டிக்குத் திரும்பி, பெஞ்சின்மேல் விரித்த போர்வையை மடிக்க எடுத்தான். அது வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.