கவிநயா அப்பா

ஐந்து வருடமாக எட்டிப் பார்க்காத அந்த அரசுத் தொடக்கப்பள்ளிக்கு, மகள் கவிநயாவையும் கூட்டிக்கொண்டு, அவளுடைய மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மாமாவா? அவங்க அப்பா வரலையா? ஒரு கூட்டம்கூட விட்டதில்லையே அந்த மனுஷன். பிள்ளைங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லன்னு எழுந்து நின்னு கேட்டதே அவருதான்."

பெற்றோர் கூட்ட நோட்டை விரித்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் என் பெயர், பால்பாண்டி. 'ண்' மட்டும் அடுத்த எழுத்தின்மேல் சாய்ந்திருந்தது. எங்கள் தெருவில் துணி தேய்க்கும் சவரிமுத்து, என் சட்டைகளைச் சுற்றித் தரும் காகிதத்தில் அப்படித்தான் என் பெயரை எழுதுவார்.

கூட்டத்துக்கு வரச்சொல்லி இவள் யாரிடம் போய் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. லாரியில் போன நாட்களை விடுங்கள். வீட்டில் இருந்த நாட்களிலும் நான் தூங்கித்தான் கிடந்தேன்.

என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த கவிநயாவின் பிடி இறுகியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவரு லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க," என்றேன்.

"அப்ப அவரே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்."

"சரிங்க டீச்சர். வரச் சொல்றேன்."