நடுவில் ஏழு கேள்வி

“இந்தப் பொண்ணுக்குக் கவனம் நூத்துக்கு நூறு. மனக்கணக்குப் பரீட்சையில பத்துக்கு மூணு. அப்போ தப்பு யார் மேல, டீச்சர்?”

முதல்வர் அம்மா கணினித் திரையைக் கணக்கு டீச்சர் பக்கம் திருப்பினார். முதல் பெஞ்சுக்காரியின் படத்துக்குக் கீழே பச்சைக் கோடு ஓரிடத்தில்கூடச் சறுக்காமல் ஓடியது.

எல்லாம் கரும்பலகைக்கு மேலே மாட்டியிருக்கும் கேமரா செய்யும் வேலை. பிள்ளைகளின் கண் டீச்சர் முகத்தில் இருந்தால் பச்சை, ஜன்னல் பக்கம் போனால் சிவப்பு. பாடத்திட்டம் போடுவதும் அதுதான், விடைத்தாள் திருத்துவதும் அதுதான், தினமும் நாலு மணிக்கு முதல்வரிடம் போட்டுக் கொடுப்பதும் அதுதான். ஆசிரியர் அறையில் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர்.

டீச்சருக்கு மிச்சம் இருப்பது நின்று பேசுவது ஒன்றுதான். அதிலும் குறை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

“மத்த பிள்ளைங்க நல்லாத்தானே எழுதறாங்க, மேடம்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். இவ்வளவு கவனிச்சும் ஏறலைன்னா ஒண்ணு உங்க கிட்ட கோளாறு, இல்ல அவ மண்டையில கோளாறு.” முதல்வர் ஒரு படிவத்தை நீட்டினார். “அவளைத் தனிப்பிரிவுக்கு மாத்தச் சொல்லி இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க வகுப்புச் சராசரி ஏறிடும். இல்லேன்னா அடுத்த வருஷம் உங்களை வச்சுக்கச் சொல்லி என்னால வாதாட முடியாது. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க.”

தனிப்பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை. அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததாக டீச்சருக்கு ஞாபகம் இல்லை.

படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வராந்தா திரும்புவதற்குள் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அந்தப் பெண்ணின் விடைத்தாளையும் பார்த்தார். முதல் இரண்டு விடை சரி, கடைசி விடை சரி. நடுவில் ஏழு கேள்விக்கு வெறும் வெள்ளை. தப்பாகக்கூட எதுவும் எழுதி வைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இருங்கக்கா. போன வருஷம் வரலாற்று டீச்சர் ‘யோசிச்சுச் சொல்றேன்’னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?”

இருக்காமலா? வரலாற்று டீச்சரின் மேஜையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

கடைசிப் பீரியடில் டீச்சர் மனசு கேட்காமல் இன்னொரு பரீட்சை வைத்தார். மனக்கணக்குக் கேள்விகளை வாயால் சொல்லி எழுதவைப்பது மட்டும்தான் மாமியார் இன்னும் பிடுங்கிக்கொள்ளாத வேலை. “எவனாவது தலையைத் திருப்பினா தாளைப் பிடுங்கிடுவேன்!” என்று வழக்கம்போல் மிரட்டிவிட்டு, மேஜையருகே நின்று ஆரம்பித்தார். பிறகு காப்பியடிப்பவர்களைப் பிடிக்கப் பின்பக்கம் போய், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே சொல்லி, மேஜைக்குத் திரும்பி வந்து முடித்தார்.

முதல் பெஞ்சுக்காரிக்கு ஒன்பது வயது. வகுப்பில் அவளை ‘நூறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றும் நூல் பிடித்தமாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தலை இம்மிகூடத் திரும்பவில்லை.

டீச்சர் முதலில் அவள் தாளைத்தான் வாங்கிப் பார்த்தார். அதே மூன்று சரி. அதே ஏழு வெள்ளை.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்த பிறகு மெதுவாக எழுந்த நூறை மட்டும் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“ஏம்மா கண்ணு, நடுவுல ஏழு கேள்வியை விட்டுட்டே?”

“நீங்க சொல்லவே இல்லையே, மிஸ்.”

“சொல்லலையா? பத்தும் சொன்னேனே!”

“முதல்ல ரெண்டு சொன்னீங்க. அப்புறம் சும்மா நடந்துட்டே இருந்தீங்க. வந்து ஒண்ணு சொன்னீங்க.”

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. வாய் கூசாமல் என்ன பொய்! அதுவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. இவளுக்காகவா காலையிலிருந்து இந்தப் பாடு?

அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, டஸ்டரை எடுத்து வெறிபிடித்தமாதிரி அழிக்க ஆரம்பித்தார்.

“என்னையே பொய்க்காரி ஆக்கறியா நீ? உன்னைத் தனிப்பிரிவுல தள்ளச் சொல்றாங்க, தெரியுமா? கையெழுத்துப் போட்டா என் வேலை தப்பிக்கும். போடலைன்னா நான் மூட்டையைக் கட்டணும். உனக்காக நாள் பூரா கிடந்து தவிக்கறேன், நீ வாய்க்கு வந்ததைச் சொல்றே. போட்டுடட்டுமா? வாயைத் திறந்து சொல்லுடி!”

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சரியான அழுத்தக்காரி. டீச்சர் விடுவிடுவென்று மேஜைக்கு வந்தார். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

நிமிர்ந்தார். நூறின் முகத்தில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. சாதுவாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே, உனக்கு ஒண்ணுமே உறைக்கலையா?”

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். அவள் கண்கள் ஆச்சரியத்தில் விரிந்தன.

“அந்தப் பக்கம் திரும்பி நிக்கும்போதும் பேசுவீங்களா, மிஸ்?”