ரங்கூன் ரேடியோ

"ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுல ஒரு ரேடியோவைப் பாத்துக்க முடியலையாம்! நீயே கேளு, மலையாண்டி!"

குமரப்பன் செட்டியார் முகப்பில் நின்று முழங்கினார். அது அவர் வீடு இல்லை, பங்காளி வீடு. ரேடியோவும் அவருடையதில்லை. ஆனால் சாயங்காலம் நாதஸ்வரம் கேட்காமல் பத்து நாளாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மலையாண்டி ரேடியோ ரிப்பேர்க்காரர். அரிமளத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

அறுபத்துநாலாம் வருஷம், பங்குனி மாதம். அடடா, அப்போதெல்லாம் ரேடியோ இருக்கிற வீட்டுக்கு என்ன மவுசு! அந்தத் தெருவுக்கே ஒரு ரேடியோதான். அந்த வீட்டு அடைக்கப்பன் தீபாவளிக்கு வந்தபோது ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். சாயங்காலமானால் தெருவே முகப்பில் கூடிவிடும். திருச்சி நிலையத்தில் கச்சேரி முடிகிறவரை கைக்குழந்தைகூட அழாது.

இப்போது வீட்டில் அவன் தாயார் ஆவுடையாளும், பெண்டாட்டி சாலாவும் மட்டும்தான்.

"அது கெடந்துட்டுப் போகுது. எதுக்கு வெட்டிச் செலவு?" என்றார் ஆவுடையாள்.

"ஆமா அத்தை. தூக்கிப் பரண்ல போட்டுரலாம்" என்றாள் சாலா.

மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சா? எங்கேயோ இடிக்குதே என்று நினைத்தபடி மலையாண்டி ரேடியோவுக்குப் பின்னால் குனிந்தார். குனிந்தவர், "ஆத்தாடி!" என்று துள்ளி விலகினார்.

வயர் ஒரே வெட்டாக வெட்டப்பட்டிருந்தது. பிளக் இன்னும் சுவரில் மாட்டியபடியே. செம்புக் கம்பி முனையில் டெஸ்டரை வைத்தால் அதன் விளக்கு சிவப்பாக எரிகிறது.

"பிளக்கைப் பிடுங்காம வயரை வெட்டுனது யாரு? தெரியாம யாராச்சும் கை வச்சிருந்தா இந்நேரம் சங்குதான்!"

"எலியா இருக்கும்" என்றார் ஆவுடையாள்.

"எலின்னா இங்கேயே கருகிக் கெடக்குமே, ஆச்சி."

குமரப்பன் குறுக்கே வந்தார். "அன்னிக்கிப் பீஸ் போயி வீடே இருட்டாப் போச்சு. நான்தான் புதுக் கம்பி கட்டிக் குடுத்தேன்."

"ஏன் போச்சுன்னு பாத்தீங்களா?"

"அதை எதுக்குப் பாக்கணும்?"

"நல்லாச் சொன்னீங்க, செட்டியாரே! பீஸ் போனா எங்கயோ பழுதுன்னு அர்த்தம். அதைப் பாக்காமக் கட்டிட்டுப் போனா எமனுக்குக் கதவைத் தெறந்து வச்ச மாதிரி."

குமரப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினார். ஆவுடையாளும் உள்ளே போய்விட்டார்.

மலையாண்டி மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றினார். உள்ளே, பல்பு மாதிரிச் சூடேறி எரிகிற வால்வுகளில் ஒன்றைக் காணோம். வெட்டுப்பட்ட வயர் ஒரு பழுது. இது இன்னொன்று.

"வால்வு எங்கிட்டதான் இருக்கு" என்று மெல்லிய குரல் கேட்டது. சாலா காப்பியோடு நின்றாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் இன்னும் ஆறாத இரண்டு கொப்புளம்.

"ரேடியோ பாடிக்கிட்டு இருக்கும்போதே பிடுங்கினியா, தாயி? நெருப்பால்ல சுட்டிருக்கும்! அணைச்ச பெறகும் இதுக்குள்ள கரண்டு தங்கி நிக்கும். ஒன்னைத் தூக்கி எறிஞ்சிருந்தா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரங்கூன்ல நம்மாளுக கடையை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கிடுச்சாம். அன்னிக்கி அரிமளம் கோயில்ல பேசிக்கிட்டாங்க. அவுககிட்டருந்து கடுதாசியே இல்லை. என்ன ஆனாகளோ. அத்தைக்கு நெஞ்சுவலி உண்டுங்க. ரேடியோச் செய்தியில கேட்டாங்கன்னா நின்ன எடத்துலயே விழுந்துருவாங்க. அதான் காலையில, அத்தை குளிக்கப் போனப்ப..."

"சரி, வயரை ஏன் வெட்டின?"

"சத்தியமா நான் வெட்டலைங்க."

மலையாண்டிக்குப் புரிந்துவிட்டது. மருமகள் சினிமாப் பாட்டுக் கேட்கக்கூடாதென்று கிழவி செய்த வேலை! இந்த மாமியாருக்காகவா இந்தப் பிள்ளை விரலைச் சுட்டுக்கொண்டது?

ஆனாலும் சாலாவுக்காக, வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "செட்டியாரே! காயில் கருகிப்போச்சு. இது இனிமேப் பேசாது."

"ஒனக்குத் தொழில் தெரியலைன்னு சொல்லு!" என்று வேட்டியை உதறிக்கொண்டு போனார் குமரப்பன். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மலையாண்டி வெட்டுப்பட்ட வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆவுடையாள் வெற்றிலைத் தட்டோடு வந்தார். "வெறுங்கையாப் போகாதேப்பா" என்று பாக்கை நறுக்க ஆரம்பித்தார். அந்தப் பாக்குவெட்டியின் வாயில் மிளகளவுக்கு இரும்பு உருகிப் பள்ளமாகியிருந்தது.

"இதை வச்சா வெட்டுனீங்க? பூராவும் இரும்பு, ஆச்சி! நீங்க பொழச்சுக் கெடக்கிறதே பெரிசு!"

"பளிச்சுன்னுச்சு. கையெல்லாம் மரத்துப்போச்சு. ரெண்டு நாளு சோத்தைப் பெசைய முடியலை."

"மருமக ரெண்டு பாட்டுக் கேட்டாத்தான் ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"பாட்டா? அட போப்பா."

ஆவுடையாள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ரங்கூன் சேதி ஒனக்குந் தெரிஞ்சிருக்கும். அவ அஞ்சு மாசமா முழுகாம இருக்கா. யாரும் அவ காதுல போட்டுறாதீகன்னு தெருவுல ஒவ்வொருத்தர் கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பெட்டி கேக்குமா? அதான் சாயங்காலச் செய்திக்கு முன்னாடி வெட்டிப்புட்டேன். இனிமேப் பேசாதுன்னு சொன்னியே, நீ நல்லா இருக்கணும்."

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பாவம், சின்னப்புள்ள. அவளுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது, தம்பி."