மூன்று நாள் ஓய்வு

தபால்காரருக்கு நூற்றியொரு டிகிரி காய்ச்சல். அந்த நிலையிலும் மலைப்பாதை சைக்கிள் பந்தயத்துக்குக் கிளம்பியவரை மனைவி வாசலில் மறித்தாள்.

“மூணு நாள் கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!”

“அவர் சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்.” தபால்காரர் ஒன்றாம் எண் அட்டையைச் சைக்கிளில் கட்டினார். “போன வருஷம் ஜெயிச்சவனுக்குத்தான் இந்த நம்பர். நான் போகலைன்னா ரெண்டாவதா வந்தவருக்குக் கொண்டாட்டம்.”

மனம் கேட்காமல் அவளும் மாத்திரையோடு போனாள். பந்தயம் தொடங்கும் இடத்தில் டாக்டரைப் பார்த்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க! இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க டாக்டர்!”

டாக்டர் கவலையோடு தபால்காரரின் நெற்றியைத் தொட்டார். “அனலா கொதிக்குது. உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா.”

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மரத்தில் சாய்த்திருந்த தன் சைக்கிளில் ஏறினார். அதில் இரண்டாம் எண் அட்டை தொங்கியது.

அவள் அட்டையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“ஏங்க, என்ன வேடிக்கை? ஏறி மிதிங்க!”