மாடிக்குத் தெரியாத கணக்கு

"மெதுவா பேசுங்க மேடம். மேல கேட்கும்."

கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"கேட்டா என்ன தம்பி? சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடும்" என்றார் வரி அதிகாரி. "புகார் வந்திருக்கு. சோதனை போட்டுத்தான் ஆகணும்."

குழந்தைகள் உடை விற்கும் சின்னக் கடை. கவுன்களும் சட்டைகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. அதிகாரியுடன் வந்த கணினி நிபுணர் பில் போடும் மிஷினின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். ஒரு பென்டிரைவை உருவி எடுத்தார்.

"இதோ மேடம், கணக்கை மாத்துற சாமான். கைக்குழந்தை மாதிரி பொத்தி வெச்சிருக்காரு."

"இது என்னன்னு தெரியுமா தம்பி?"

"தெரியும்."

"போன மாசம் வரைக்கும் இதை வெச்சு நீங்க வியாபாரத்தை மறைச்சீங்கன்னு நாங்க நிரூபிக்கணும். இப்ப புதுச் சட்டம். இது கையில இருந்தாலே குற்றம். பேப்பர் படிக்கிறதில்லையா?"

"படிச்சேன் மேடம்."

"படிச்சுமா?"

அவன் கண் மாடிப்படிப் பக்கம் போய் வந்தது.

"மேல என்ன இருக்கு?"

"என் வொய்ஃப். படுத்த படுக்கையா இருக்கா. அபராதம் எவ்வளவு வேணா போடுங்க. கூட்டிட்டுப் போகணும்னாலும் வர்றேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"மாட்டினதும் எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்துடும்" என்றார் நிபுணர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரம் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மேடம்... இது தலைகீழா இருக்கு."

"என்ன தலைகீழ்?"

"நேத்து நிஜமா போட்ட பில் மூணு. நம்ம ஆபீசுக்கு வந்த கணக்குல அறுபது. முந்தின நாளும் இதே கதைதான். மனுஷன் நடந்த வியாபாரத்தை மறைக்கல. நடக்காத வியாபாரத்தை நடந்ததா காட்டியிருக்காரு. அதுக்கு வரியும் கட்டியிருக்காரு!"

அதிகாரி நிமிர்ந்து அலமாரிகளைப் பார்த்தார். கவுன்களின் தோள்பட்டையில் தூசி படிந்திருந்தது.

"பைத்தியமா தம்பி உனக்கு?"

"இது அவ கடை மேடம். ஒவ்வொரு டிசைனும் அவ போட்டது. அவ படுத்ததுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன். எனக்கு வியாபாரம் வரல." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கடை மூடினதும் அன்னைக்கு மொத்தம் மிஷின்லேருந்து தானா அவ போனுக்குப் போகும். அதைப் பார்த்தாத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறா. இந்த சாமானை வித்தவன், கணக்கைக் குறைக்கவும் செய்யலாம் கூட்டவும் செய்யலாம்னான். கூட்டினேன். உங்களுக்கும் அதே கணக்குதானே வரும்? கட்டித் தொலைச்சேன்."

"எதை வெச்சுக் கட்டின?"

"பைக்கை வித்தேன். அப்புறம் அங்க இங்க கைமாத்து."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தப் பக்கம் மாத்தினாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான்" என்றார் அதிகாரி. "இதை எடுத்துட்டுத்தான் போகணும்."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க மேடம். நாளைக்கு நானே ஆபீசுக்குக் கொண்டாந்து தர்றேன்."

"முடியாதுப்பா." அவர் படியை நோக்கி நடந்தார். "மிஷின் ரிப்பேர்னு நான் சொல்லிக்கறேன். நீ இங்கயே இரு."

மாடியில் ஒரே அறை. ஜன்னலோரக் கட்டிலில் அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். போர்வைக்கு மேல் கிடந்த கை மிகவும் மெலிந்திருந்தது.

"மிஷினைப் பார்க்க வந்தோம்மா" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "கொஞ்சம் பழுதாயிருக்கு. இன்னும் சில நாளைக்கு உன் போனுக்குக் கணக்கு வராது. கவலைப்படாம வேளாவேளைக்குச் சாப்பிடு."

அவள் படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கணக்கை மாத்துற அந்தச் சாமானை எடுத்துட்டீங்களாக்கா? கீழ கதவு திறக்கிற சத்தம் இங்க நல்லாவே கேட்கும், வர்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். போன்ல வர்ற கணக்கு பொய்னு எனக்குத் தெரியும்னு நானே சொன்னா அவரு உடைஞ்சு போயிடுவாரு. சட்டம் வந்து நிறுத்தினதா இருக்கட்டும்னுதான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி நானே புகார் சொன்னேன்."