நுரைக்காத ஷாம்பு

"நுரைக்காத ஷாம்பு எல்லாம் ஒரு ஷாம்புவா? எனக்கு என் பழசே போதும்!"

இருவருக்குமே வறண்டு துடைப்பமாகிவிட்ட முடிக்காக மருமகள் வாங்கி வந்த நுரை கிளப்பும் சல்ஃபேட் இல்லாத ஷாம்புவை மாமியார் தொடவே மறுத்தார்.

மருமகள் மல்லுக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில்களிலும் இருந்ததை இடம் மாற்றி ஊற்றினாள். தானும் கமுக்கமாகப் பழைய பாட்டிலுக்கே மாறிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் அவள் முடி பட்டாகிவிட்டது. மாமியாருடையது மட்டும் அதே துடைப்பம்.

"அத்தை, நிஜமா உங்க பழைய பாட்டில்தானே போடறீங்க?"

மாமியார் அசடு வழிந்தார்.

"வீம்புக்கு வேணாம்னுட்டேன். அப்புறம் மனசு கேக்கலை. உனக்குத் தெரியாம அந்தப் புது பாட்டிலைத்தான் போட்டுட்டிருக்கேன். நுரைக்காதுன்னு எவன்டி சொன்னான்? என்னமா பொங்குது!"