பிள்ளையின் பெயர்

கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் சுகுமாரன் பாய்மரப் படகு வாங்கி, அதன்மேல் 'தாரிணி' என்று மகளின் பெயரை எழுதினார். பழுதுபார்த்தால் நாளாகும் என்று, அடியிலிருந்த விரிசலைப் பெயர் எழுதிய அதே வண்ணத்தால் பூசி மறைத்தார். படகை ஊருக்கு ஓட்டிவரக் கூலிக்கு அமர்த்திய அமலதாஸ், "எங்கயும் ஒழுகாதுல்ல?" என்று கேட்டார். சுகுமாரன் பெயரைக் காட்டிச் சிரித்தார்.

"பிள்ள பேரு வச்சிருக்கீக. பெறகென்ன," என்றார் அமலதாஸ்.

படகு ஊர் வந்து சேர்ந்தது. அமலதாஸின் உள்ளங்கைகள் நீரில் ஊறி, வெளுத்து, தோலுரிந்திருந்தன. முன்பே ஊர் திரும்பி, மகளுடன் கரையில் காத்திருந்த சுகுமாரன் அவற்றைப் பார்க்காமல் படகைப் பார்த்தார். பெயர் சுரண்டப்பட்டிருந்தது.

"என் பேரு எங்க?" என்றாள் தாரிணி.

"வழியெல்லாம் தண்ணி எறைச்சுக்கிட்டே படகக் கண்டபடி ஏசுனேன் பாப்பா," என்றார் அமலதாஸ். "அந்த ஏச்சு ஒம்மேல விழக் கூடாதுல்ல."